சிமெண்ட் எப்போது பழசாகும்?

"இந்த சிமெண்டுக்கும் அறுபது வயசாகிவிட்டது. இன்னும் எத்தனை வருஷம் போனால் இதையும் பழசு என்று சேர்த்துக்கொள்வீர்கள்?"

வேல்ஸில், டானட் பள்ளத்தாக்கின் மேல்கோடியில் லான்கனோக் ஊருக்குப் பக்கத்துப் பண்ணை வீடு அது. அதைப் பழுதுபார்க்கப் போன என்னிடம் இப்படிக் கேட்டவர் வீட்டு அம்மா. கல் சந்துகளில் சிமெண்ட் அடைத்தவர் அவருடைய காலமான கணவர். "சுவருக்குள்ளே ஈரம் நிற்கிறது, எடுத்தாக வேண்டும்" என்றேன். சொன்னது உண்மை. ஆனால் அவர் கேட்டது அதுவல்ல.

அந்த வட்டாரத்துச் சுவர் ஏறத்தாழ 60 செ.மீ. கனம். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசை, நடுவில் மண்ணும் சில்லுக்கல்லும். அந்தச் சுவரின் பலகைக்கல் (ஸ்லேட்) தண்ணீர் குடிக்காது. வருவதும் போவதும் சந்து வழியாகத்தான். சுண்ணாம்புச் சந்து நனையும், காற்றடித்தால் காயும். சிமெண்ட் இறுகும்போது சுருங்கிக் கல் ஓரத்தில் முடி அகலத்துக்கு விலகும். மழை அந்த விரிசலில் இறங்கிவிடும், திரும்பி வெளியேற வழியிருக்காது. ஈரம் சேரச் சேர உள்பூச்சு அடியில் உப்பிக் கொட்டும், சுவரில் பதிந்த ஓக் உத்தரத்தின் முனை மக்கும். அங்கே ஒரு முனையில் திருப்புளி கைப்பிடி வரை இறங்கியது.

எடுப்பதற்குக் கை உளிதான் சரி. அறுக்கும் மெஷினை வைத்தால் கல் விளிம்பு போய்ச் சந்து அகலமாகிவிடும். சந்து அகலத்தைப்போல இரு மடங்கு, குறைந்தது 25 மி.மீ. ஆழம் தோண்டி, தூசியைக் கழுவி, கல் ஈரமாக இருக்கும்போதே கலவையை அழுத்த வேண்டும். 3.5 தர நீரியல் சுண்ணாம்பு (தண்ணீர் பட்டே இறுகும் வகை) ஒரு பங்கு, பருமன் கலந்த கூர்மணல் இரண்டரைப் பங்கு. அகலச் சந்தில் சில்லுக்கல் செருகாவிட்டால் கலவை சுருங்கி வெடிக்கும். கட்டைவிரல் பதியாத பதம் வந்ததும் முரட்டுத் தூரிகையால் குத்தி மேற்பரப்பைத் திறந்துவிட்டு, ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் காக்க வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் இந்த வேலையைத் தொடவே கூடாது. உறைந்த கலவை வசந்தத்தில் மாவாக உதிரும். ஈரச் சுவர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று காயும் என்பது கொத்தனார் கணக்கு.

இவ்வளவும் தெரிந்தவனுக்கு அந்தக் கேள்வி ஏன் உறுத்த வேண்டும்? அவர் கணவர் செய்தது அறியாமை என்று சொல்லவும் எனக்கு மனமில்லை. பள்ளத்தாக்கின் வாயிலில், லானமனெக் குன்றின் சுண்ணாம்புச் சூளைகள் அணைந்து வெகுகாலம் ஆகியிருந்தது. கையில் கிடைத்தது சிமெண்ட் மூட்டை. ஒழுகும் வீட்டை ஒரு மனிதர் கிடைத்ததைக்கொண்டு காப்பாற்றப் பார்த்தார்.

அங்கிருந்து பக்கத்தில்தான் பென்னன்ட் மெலங்கெல் தேவாலயம். அங்கிருந்த புனித மெலங்கெலின் 12ஆம் நூற்றாண்டுச் சமாதியை 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு கலைத்துவிட்டார்கள். அதன் செதுக்குக் கற்கள் கோயில் சுவரிலும் வாயில் மண்டபத்துச் சுவரிலும் வெறும் கல்லாகப் போய்ச் சேர்ந்தன. 1958இல் அவற்றைச் சுவரிலிருந்து எடுத்துச் சமாதியைத் திரும்பக் கூட்டினார்கள். 1989இல் அகழ்ந்து கண்ட பழைய அடித்தளத்தின் மேலேயே கிழக்குப் பக்க அரைவட்ட அறையையும் புதிதாக எழுப்பினார்கள். எனக்கு அந்த வேலை பிடிக்கும். ஆனாலும் அந்தக் கற்கள் சுவருக்குள் நூற்றாண்டுக் கணக்கில் இருந்ததும் அந்த ஊரின் வரலாறுதானே? எடுத்தது சரி என்றால், எந்தக் காலத்து அடுக்கு முக்கியம் என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். பண்ணை வீட்டில் அந்த முடிவை நான் செய்தேன், ஈரத்தைக் காரணம் காட்டி.

ஈரம் பொய்யில்லைதான். மக்கிய உத்தரம் யாருடைய நினைவையும் தாங்காது. மழை அறையும் மேற்குச் சுவரில் இன்று கேட்டாலும் இதையேதான் சொல்வேன்.

முன் தாழ்வாரத்துக்கு உள்ளே, மழை படாத ஒரு சுவரில் மட்டும் சிமெண்டை விட்டுவிட்டோம். "சுவர் உலர்ந்துள்ளது, எடுக்கத் தேவையில்லை" என்று அறிக்கையில் எழுதினேன். ஈரமானியின் அளவும் அதைத்தான் சொன்னது. ஆனால் அந்த அம்மா கேட்பதற்கு முன்பு நான் போட்ட பட்டியலில் அந்தச் சுவரும் இருந்தது.