அவர் சொல்லாத வரி

பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துப் பேச்சுப்போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு வ.உ.சி. ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பையன் ஒருவன், நெற்றியில் எண்ணெய் மினுமினுக்க மேடையேறி, "சிறைக் கொட்டடியில் சிதம்பரனார் என்ன சொன்னார் தெரியுமா?" என்று கையை நீட்டிக் கேட்டான். நிறுத்தினான். அப்புறம் ஒரு வரியைச் சொன்னான். ஒரே கைதட்டல். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வரியை எழுதியவன் நான்.

கப்பலும் கடலும் கரையும் வரும் வரி அது. இங்கே திரும்ப எழுதமாட்டேன். எழுதினால் இன்னொரு பையன் எடுத்துக்கொள்வான்.

வார இதழ் ஒன்றில் உதவி ஆசிரியராக இருந்த காலத்தில், 1908 முதல் 1912 வரை நடந்ததை வைத்துத் தொடர்கதை எழுதினேன். மெய்ப்புத் திருத்துவதும் வாசகர் கடிதம் பிரிப்பதும்தான் சம்பளத்துக்கான வேலை. கதை எழுதுவது ராத்திரி, வீட்டுத் திண்ணையில். வியாழக்கிழமை காலையில் அத்தியாயம் ஆசிரியர் மேசையில் இருக்க வேண்டும். அந்த வரியும் ஒரு புதன்கிழமை ராத்திரி பதினோரு மணிக்குப் பிறந்ததுதான். சுதேசிக் கப்பல் கம்பெனி கலைக்கப்பட்டதும், கப்பல் போட்டிக் கம்பெனிக்கே விலைபோனதும் வ.உ.சி.யின் காதுக்கு எட்டும் காட்சி. 1906இல் பத்து லட்ச ரூபாய் மூலதனம் என்று அறிவித்து, பங்கு ஒன்று 25 ரூபாயாக 40,000 பங்கு விற்க ஊர் ஊராய் அலைந்த மனிதருக்கு ஜெயிலில் வைத்து அந்தச் செய்தி வருகிறது. அவர் என்ன செய்தார், அழுதாரா, சாப்பாட்டைத் தள்ளினாரா? கையில் எனக்கு ஒன்றும் இல்லை. அத்தியாயம் முடிய நாலு வரி குறைந்தது. பேச வைத்துவிட்டேன்.

இதில் வெட்கம் என்னவென்றால், அதற்கு ரெண்டு வருஷம் முன்னால்தான் கட்டபொம்மனைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். 1798 செப்டம்பரில் ராமநாதபுரத்தில் ஜாக்சன் துரையைச் சந்தித்தபோது கட்டபொம்மன் என்ன பேசினார் என்று எங்கள் பக்கம் பத்துப் பேரைக் கேளுங்கள், பத்துப் பேரும் சினிமா வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிப்பார்கள் என்று கிண்டலடித்திருந்தேன். அடுத்த வருஷம் அக்டோபர் 16 கயத்தாறில் தூக்கில் தொங்கிய மனிதரின் சொந்தக் குரலை நாம் கேட்கவே விடவில்லை என்று பெரிய ஞானி மாதிரி முடித்திருந்தேன். ஊரான் வசனம் என்றால் கண்ணில் குத்துகிறது.

குரல் என்றதும் இன்னொரு சங்கடம். வ.உ.சி. ஒட்டப்பிடாரத்துக்காரர். வீட்டில் எப்படிப் பேசியிருப்பார்? 'வாங்க, உக்காருங்க, காப்பி குடிக்கீயளா' என்றுதானே? அப்படித்தான் எழுதினேன். கிளம்பியது கடிதம். "தலைவரைச் சந்தையில் நிற்கிறவர் மாதிரிப் பேச வைப்பதா?" என்று ஒரு பெரியவர், அதையும் சுத்தமான திருநெல்வேலித் தமிழில் திட்டி எழுதியிருந்தார். கடைசியில் வீட்டுக்குள் ஊர்ப்பேச்சு, மேடையில் மேடைத்தமிழ் என்று பிரித்துக்கொண்டேன். மேடைப்பேச்சுக்காவது ஆதாரம் உண்டு. கூட்டத்தில் நின்று அவர் பேச்சைக் குறிப்பெடுத்தது போலீஸ். அந்தக் குறிப்புகளை வைத்துத்தான் ராஜத்துரோக வழக்கு நடந்தது, 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். தன் வரலாற்றை அவரே அகவற்பாவில் எழுதியிருக்கிறார். ஆனால் அகவலில் யாரும் பேசுவதில்லை. அவர் வாய்ச்சொல்லுக்கு மிக அருகில் இருப்பது, அவரை உள்ளே தள்ள நினைத்தவர்கள் கிறுக்கிய தாள்தான். அதை எவ்வளவு நம்புவது என்று இன்றைக்கும் எனக்குப் பிடிபடவில்லை.

மணியாச்சி அத்தியாயம்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. மூன்று முறை போய் அந்த ஸ்டேஷனில் உட்கார்ந்தேன். 1911 ஜூன் 17 காலை, திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டி தூத்துக்குடி போட் மெயிலுக்காக அங்கே நிற்கிறது. முதல் வகுப்புப் பெட்டியில் கலெக்டர் ஆஷும் அவர் மனைவி மேரியும். போகிற இடம் கொடைக்கானல், பிள்ளைகள் இருக்கிற இடம். வாஞ்சிநாதன் ஏறுகிறார். செங்கோட்டைக்காரர், திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர், இருபத்தைந்து வயது. ஆஷைச் சுட்டுவிட்டு ஓடி, கழிப்பறைக்குள் தன்னையும் சுட்டுக்கொள்கிறார்.

ஆஷ் சுருட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிக்க வேண்டும், அப்போதுதான் வாசகனுக்கு ஆத்திரம் வரும் என்றார் எங்கள் ஆசிரியர். அப்படியும் எழுதிப் பார்த்தேன். அட்டையில் வெட்டி ஒட்டிய துரை மாதிரி இருந்தது. 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் செத்த கணக்கை ஊர் ஆஷ் மேல்தான் எழுதியிருந்தது. அந்தக் கோபத்தை வாசகன் தன்னோடு கொண்டுதான் வருகிறான். நான் வேறு சுருட்டு கொடுக்க வேண்டியதில்லை. அதனால் பிளாட்பாரத்தில் தண்ணீர் விற்கிற பொடியன் ஒருவனை உண்டாக்கி, எல்லாவற்றையும் அவன் கண்ணால் சொன்னேன். எதிரெதிரே உட்கார்ந்திருக்கிற ஒரு புருஷனும் பெண்டாட்டியும் அவனுக்குத் தெரிகிறார்கள். வெடிச்சத்தம் கேட்கிறது. பானை உடைகிறது. அந்தப் பையன் என்ன வேண்டுமானாலும் பேசலாம், பயப்படலாம், பொய்கூடச் சொல்லலாம். அவன் என் சொத்து. ஆஷையும் வாஞ்சியையும் ஒரு சொல்கூடப் பேச வைக்கவில்லை.

அந்த வாரம் வந்த கடிதங்களில் பாதி, "ஆஷ் துரைக்கு வக்காலத்தா?" என்று கேட்டன. ஆசிரியர் என்னோடு இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் தொடரில் உயிரோடு இருக்கிற அத்தியாயம் எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

உண்மை சில சமயம் நாம் இட்டுக்கட்டத் துணியாததைச் செய்து வைத்திருக்கும். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகக் கப்பல் விட்டவர், ஜெயிலில் செக்கிழுத்தவர், தன் பிள்ளைக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். பறிபோன சன்னது, அதாவது வக்கீல் தொழில் பார்க்கிற உரிமம், திரும்பக் கிடைக்க உதவிய வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதிக்கு நன்றியாக. இதை நான் கற்பனையாக எழுதியிருந்தால் எங்கள் ஆசிரியர் அடித்தே போட்டிருப்பார், 'பாத்திரத்துக்குப் பொருந்தாது' என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதி.

பேச்சுப்போட்டி முடிந்ததும் அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"ஏய்யா, அந்த ஜெயில் வரி எங்கருந்து எடுத்த?"

"எங்க மிஸ் எழுதித் தந்தாங்க சார்."

"அதை அவரு சொல்லலைய்யா. ஒரு கதையில வருது."

அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். "இருந்தாலும் சொல்லியிருப்பாருல்லா சார்?" என்றான்.

மார்க் குறைக்க மனசு வரவில்லை. என் தப்புக்கு அவன் மார்க்கையா குறைப்பது? இரண்டாம் பரிசு வாங்கிக்கொண்டு ஓடினான்.

தொடர் பிறகு புத்தகமானது. மறுபதிப்பு வந்தபோது அச்சகத்துக்கே போய், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அந்த நாலு வரியையும் எடுக்கச் சொன்னேன். இப்போது அந்த அத்தியாயத்தில், சேதி சொல்ல வந்தவர் சொல்லிவிட்டுப் போகிறார். வார்டர் கதவைச் சாத்துகிறார். அவ்வளவுதான். பக்கம் வடிவமைக்கிற தம்பிக்கு அது பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி, பாதிப் பக்கம் வெத்தா கிடக்கே. ரெண்டு வரி ஏதாச்சும் எழுதித் தாங்களேன்."

"கிடக்கட்டும்டே" என்றேன்.