மூன்றாவது முடிச்சு

மூன்று வாரக் குழப்பம் ஒருவழியாக முடிந்தது. கல்யாணங்களைப் படமெடுக்க எந்தக் கேமரா வாங்குவது, சோனி ஏ7சி 2-ஆ, ஏ7 4-ஆ என்பதுதான் கேள்வி. இரண்டிலும் 33 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சார், பேட்டரியும் ஒன்றே. சிறியது (ஏ7சி 2) 514 கிராம், பெரியது (ஏ7 4) 658. முகூர்த்த நாளில் சுவாமிமலையின் 60 படிகளை நான்கு முறை ஏறி இறங்குபவனுக்கு அந்த 144 கிராம் நன்றாகவே தெரியும். சிறியது 2023-இல் வந்தது, ஃபோகஸும் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. மனம் அதன் பக்கமே சாய்ந்திருந்தது.

ஆனால் அதில் மெமரி கார்டு ஒன்றுதான் போடலாம். பெரியதில் இரண்டு; ஒரே படம் இரண்டிலும் பதிவாகும்.

போன தை மாதம் மன்னார்குடிப் பக்கம் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் முழங்க, அட்சதை கேமராவின் மேலெல்லாம் சிதற, மூன்றாவது முடிச்சைப் போட்ட நாத்தனாரின் மருதாணி விரல்கள் வரை எடுத்திருந்தேன். இரவு கணினியில் செருகினால் கார்டு திறக்கவில்லை. பெண்ணின் அப்பாவிடம் "கொஞ்சம் பொறுங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் மீட்பு மென்பொருளோடு மல்லுக்கட்டினேன். முக்கால்வாசி கிடைத்தது. அந்த விரல்கள் கிடைக்கவில்லை.

பெரியதையே வாங்கிவிட்டேன். (ஊர் சுற்றுவதற்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு சிறியதை வாங்கியிருப்பேன்.) ஆவணி முகூர்த்தங்களுக்கு இரண்டு கார்டுகளும் தயார். கழுத்தை அறுக்காத அகலமான தோள்பட்டி கும்பகோணத்தில் எங்கே கிடைக்கும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.