கதை என்னுடையதுதான் என்று நிரூபித்த கதை

என் நாவல் ஒன்றை சீரியலாக எடுக்கப் போவதாகத் தயாரிப்பு நிறுவனத்திலிருந்து போன் வந்த அன்று வீட்டில் பாயசம். முன்பணம் கைக்கு வர ஏழு மாதம் ஆனது. அதில் கதையைப் பற்றிப் பேசியது நான்கு நாள் இருக்கும். மீதியெல்லாம் காகிதம்.

மாத நாவல் எழுதியவர்களுக்கு இது புரியும். 2009-ல் அந்த நாவல் வந்தபோது ஒப்பந்தம் என்று எதுவும் கிடையாது. கையெழுத்துப் பிரதியை கூரியரில் அனுப்பினேன், புத்தகம் வந்தது, பின்னாலேயே ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு வவுச்சர். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினேன். "ஒரு ஜெராக்ஸ் எடுத்து வை" என்று சொன்னவர் என் கணவர். "இதெல்லாம் எதுக்குங்க" என்று அலுத்துக்கொண்டேதான் எடுத்தேன்.

"மேடம், பப்ளிஷர்கிட்ட இருந்து என்ஓசி வேணும், அதாவது அவங்களுக்கு ஆட்சேபம் இல்லைன்னு ஒரு லெட்டர். இல்லைன்னா காப்பிரைட் சர்டிபிகேட். ரெண்டுல ஒண்ணு இல்லாம அக்ரிமெண்ட் போட முடியாது." மெயிலில் அனுப்பியிருக்க வேண்டிய இந்த வாக்கியத்தைக் கேட்க, திருச்சியிலிருந்து பல்லவனில் சென்னை போய், சாலிகிராமத்தில் தயாரிப்பு நிறுவன ஆபீஸில் மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

பதிப்பக முகவரியில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். பதிப்பாளர் காலமாகிவிட்டார். மகனைத் தேடிப் பிடித்தேன். "அப்பா போனதுக்கப்புறம் பழைய பேப்பரையெல்லாம் எடைக்குப் போட்டுட்டோம்க்கா" என்றார். சரி, ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தந்துவிடுவார் என்று நினைத்து, சீரியல் விஷயத்தை நானே உளறிவிட்டேன். "சீரியலா? எவ்வளவுக்கா தர்றாங்க?" அதற்குப் பிறகு ஆடிட்டரைக் கேட்க வேண்டும் என்றார், அப்புறம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். என்ஓசி கேட்கப் போகிறவர்கள் எதற்கென்று சொல்லாதீர்கள். மறுபதிப்புக்கு என்று சொல்லுங்கள், அதிலும் பொய் இல்லை.

சரி, காப்பிரைட் பதிவாவது செய்வோம் என்று ஆன்லைனில் படிவம் 14, ஐநூறு ரூபாய் கட்டணம், விண்ணப்பத்துக்கு ஒரு டைரி எண். யாராவது ஆட்சேபம் சொல்வார்களா என்று 30 நாள் காத்திருப்பு. யாரும் சொல்லவில்லை. அதன் பிறகு வந்தது குறைபாட்டுக் கடிதம்: நூல் ஏற்கெனவே வெளியாகியிருப்பதால் பதிப்பாளரின் என்ஓசியை இணைக்கவும். எந்தக் காகிதம் கிடைக்கவில்லை என்று இந்த வழிக்கு வந்தேனோ, அதே காகிதம். அன்று ராத்திரி சமைக்கவில்லை.

வழி காட்டியவர் எங்கள் பக்கத்துத் தெரு வக்கீல் தம்பி. "அந்த வவுச்சர் இருக்காக்கா?" என்று கேட்டார். டிரங்குப் பெட்டியிலிருந்து அந்த ஜெராக்ஸ் வெளியே வந்தது. நாவலின் பெயர், 'சன்மானம்' என்ற ஒரு சொல், தொகை. வேறொன்றும் இல்லை. தம்பி சிரித்தார். காப்பிரைட் எழுதும்போதே எழுதியவருக்கு வந்துவிடுகிறது, பதிவு கட்டாயமே இல்லை, அது ஒரு சாட்சி மட்டும்தான். உரிமையை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமென்றால் எழுதிக் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். இந்த வவுச்சரையே அப்படியொரு ஆவணம் என்று பதிப்பாளர் வீட்டார் வாதாடினாலும், காலம் குறிப்பிடாத உரிமை மாற்றத்துக்கு ஆயுள் ஐந்து வருஷம்தான். 1957 சட்டத்தின் 19-வது பிரிவு. 2014-லேயே கதை முடிந்துவிட்டது.

இதை அவர் இரண்டு பக்கச் சட்டக் கருத்தாக எழுதிக் கொடுத்தார். கூடவே, புனைபெயரும் ஆதார் பெயரும் ஒருவருடையதே என்று நோட்டரி கையெழுத்தோடு ஒரு பிரமாணப் பத்திரம். தயாரிப்பு நிறுவனத்தின் சட்ட ஆலோசகர்கள் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

ஒப்பந்த வரைவு வந்ததும் ஆசையில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எனக்கு வந்ததில் 'அனைத்து மொழிகளிலும், அனைத்து ஊடகங்களிலும், நிரந்தரமாக' என்று ஒரு வரி. தமிழில் ஓடினால் தெலுங்கிலும் கன்னடத்திலும் எடுப்பார்கள், நமக்குக் காலணா வராது. அதைவிட மோசம், அந்த வரியை அப்படியே விட்டால் என் நாவலை நானே மறுபதிப்புப் போட முடியாது. மூன்றாவது சென்னைப் பயணத்தில் இரண்டையும் மாற்ற வைத்தேன்: ஒவ்வொரு மொழிக்கும் தனித் தொகை, அச்சும் மின்னூலும் என்னிடமே. கதைக்கு ஒரு பணம், வசனத்துக்கு எபிசோடுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகப் போடச் சொன்னதும் நல்லதாகப் போயிற்று. வருமான வரியில் நூல் ராயல்டிக்கு என்று இருக்கும் கழிவை வசனச் சம்பளத்துக்குக் கேட்க முடியாது. பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தக் கழிவே.

வசனம் எழுத உட்கார்ந்தது தனி அவஸ்தை. நாயகன் ஊருக்குப் போன பிறகு நாயகி ஏங்குவதை நாவலில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதையே கொஞ்சம் மாற்றிக் கொடுத்தேன். இயக்குநர் படித்துவிட்டு, "இதுல கேமரா எதைக்கா பார்க்கும்?" என்றார். இருபது வருஷமாக எழுதுகிறேன், யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. மறுநாள் வசனமே இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்: கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடிக்கிறாள், அவன் சட்டையை மட்டும் மடிக்காமல் மறுபடி கொடியிலேயே போட்டுவிட்டுப் போகிறாள். அந்தக் காட்சியில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. மாற்ற அதில் சொல் எங்கே இருந்தது!

முதல் எபிசோட் அன்று குடும்பத்தோடு டிவி முன் உட்கார்ந்தோம். 'கதை, வசனம்' என்று வந்த கார்டில் என் ஆதார் பெயர். அந்தப் பிரமாணப் பத்திரத்தைப் பார்த்து யாரோ டைப் செய்திருக்கிறார்கள். புனைபெயரில் மட்டுமே என்னை அறிந்த வாசகி ஒருவர் பத்தே நிமிஷத்தில் பதறிப்போய்ச் செய்தி அனுப்பினார்: "மேடம், உங்க நாவலை யாரோ ஒரு அம்மா திருடி சீரியலா எடுத்துட்டாங்க. சும்மா விடாதீங்க."