நூல்கண்டுக்கு அடியில் மாத்திரை

"அப்போ என்னைய எங்கயும் கொண்டுபோய் விட மாட்டியளா?"

முக்கூடலில் இன்று காலை ஆச்சி கேட்டது. டிபி என்று தெரிந்து இரண்டு வாரம்.

மடியில் சுளகு. வெட்டிய பீடி இலை, தூள், நூல்கண்டு. அந்த நூல்கண்டுக்கு அடியில் மாத்திரை அட்டை.

"இங்கன வச்சாத்தான் மறக்காது."

(பீடித்தூளுக்குப் பக்கத்தில் டிபி மாத்திரை. பீடி சுற்ற வேண்டாம் என்று சொன்னால் கூலியை யார் தருவா என்பாள்.)

முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதும் பயந்துவிட்டாள். ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் அப்படித்தான் என்று நர்ஸம்மா சொன்னபிறகுதான் சமாதானம்.

அவள் அக்காவை அந்தக் காலத்தில் சானடோரியத்துக்கு, அதாவது டிபிக்காரர்களைத் தங்கவைக்கும் ஆஸ்பத்திரிக்கு, கூட்டிப்போனார்கள். திரும்பி வரவில்லை.

ஆச்சி வீட்டிலேயே இருக்க முடிவதில் வாலஸ் ஃபாக்ஸ் என்ற நெஞ்சக மருத்துவருக்குப் பங்குண்டு. 1956இல் இங்கிலாந்திலிருந்து சென்னைக்கு வந்தவர். அங்கே அவர் குழு ஓர் ஆய்வு நடத்தியது. ஏழை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர் சானடோரியத்தில், மீதிப் பேர் வீட்டில். எல்லோருக்கும் ஒரே மருந்து, ஓராண்டு. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு. வீட்டிலிருந்தவர்களுக்கு நெருக்கடியான இடம், அரைவயிறு, வேலை.

1959இல் முடிவு வெளியானது. வீட்டிலிருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு குணமானார்கள். கூட இருந்தவர்களுக்கும் அதனால் கூடுதலாகத் தொற்றவில்லை.

அப்புறம் லண்டன் போயும் அவர் டிபியை விடவில்லை. ஒன்றரை வருட வைத்தியம் ஆறு மாதமாகச் சுருங்கியதில் அவர் குழுவின் உழைப்பு பெரிது.

இதையெல்லாம் சொன்னேன். பாதிதான் காதில் வாங்கியிருப்பாள்.

"நல்லாயிருக்கட்டும் அந்த வெள்ளக்காரன்" என்றபடி அடுத்த இலையை எடுத்தாள்.