எண்களிலிருந்து எழுந்த துறை

சமூகத்தில் ஆண், பெண் நிலைகளை ஆராயும் பாலின ஆய்வு வெளிநாட்டு இறக்குமதி என்று யாராவது சொன்னால், இந்தியப் பெண்களின் நிலை குறித்து 1974-இல் வெளிவந்த ‘சமத்துவத்தை நோக்கி’ என்னும் அரசு அறிக்கையைத்தான் நான் எடுத்துக்காட்டுவேன். 1901-இல் ஆயிரம் ஆண்களுக்கு 972 பெண்கள் இருந்த இந்தியாவில், 1971-இல் 930 பேரே எஞ்சியிருந்தார்கள் என்பதை அது பதிவுசெய்தது. ஒவ்வோர் ஆயிரத்துக்கும் நாற்பத்திரண்டு பேர். அந்த இடைவெளியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. அறிக்கையைத் தயாரித்த குழுவின் உறுப்பினர் செயலரும் அரசியல் அறிவியல் பேராசிரியருமான வீணா மஜும்தாருக்கு, வளர்ச்சியின் பலன் பெண்களுக்குத் தானாக வந்துசேரும் என்ற தம் தலைமுறையின் நம்பிக்கையையே மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது. 1981-இல் பம்பாய் எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் பெண்களின் வாழ்வை ஆராயும் மகளிரியல் துறையின் முதல் தேசிய மாநாடு நடந்தது; மறு ஆண்டே இந்திய மகளிரியல் சங்கம் உருவானது. தமிழ்நாட்டில் 1984-இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது.