அந்தப் பையைத் திறந்து பார்த்திருக்கலாம்

ஆக்ஸ்ஃபோர்ட் வழக்கைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வட்டாரத்துத் தமிழ் நண்பர்கள் எல்லோரும் பள்ளியில் நான்கு பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற அந்தப் பையனின் அப்பா அம்மாவைத்தான் திட்டுவார்கள். அவர்களுக்கு அது தகும், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாமல் இருப்பது வேறொன்று. சுட்ட அன்று காலை, மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லும் பள்ளிக் கவுன்சிலரின் அறையில் நடந்த அந்தக் கூட்டம்.

ஆக்ஸ்ஃபோர்ட் என்றதும் இங்கிலாந்து நினைவுக்கு வரலாம். நான் சொல்வது அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் ஓக்லண்ட் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வடக்கே இருக்கும் சின்ன ஊர். நாங்கள் இருக்கும் ட்ராயிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். ஒரே கவுண்டி, ஒரே நீதிமன்றம், ஒரே ஷெரிஃப். அங்கே படித்த பிள்ளைகளோடு என் மகன் கால்பந்து ஆடியிருக்கிறான்.

2021 நவம்பர் 30, செவ்வாய்க்கிழமை. காலை வகுப்பில் கணக்கு ஆசிரியை ஒரு மாணவனின் தாளைப் பார்க்கிறார். பதினைந்து வயதுப் பையன். (அவன் பெயரை எழுதப் போவதில்லை.) கணக்குகளுக்கு நடுவே துப்பாக்கி, தோட்டா, சுடப்பட்டுக் கிடக்கும் ஒரு உருவம் எல்லாம் வரைந்திருக்கிறான். பக்கத்தில் 'எங்கும் ரத்தம்' என்று எழுதியிருக்கிறான். 'இந்த எண்ணங்கள் நிற்கவே மாட்டேன் என்கின்றன, எனக்கு உதவுங்கள்' என்றும் எழுதியிருக்கிறான். ஆசிரியை அதை போனில் படம் எடுத்து மேலே தகவல் சொன்னார். தன் பங்கை அவர் ஒழுங்காகச் செய்தார். அதற்கு முந்தின நாள்தான் வேறொரு ஆசிரியை அவன் வகுப்பில் போனில் தோட்டா தேடிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சொல்லியிருந்தார். பள்ளி அம்மாவுக்கு வாய்ஸ்மெயில் விட்டது. அம்மா பள்ளிக்குத் திருப்பிக் கூப்பிடவில்லை. மகனுக்கு மட்டும் ஒரு மெசேஜ் அனுப்பினார்: எனக்குக் கோபமில்லை, மாட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள் என்று.

செவ்வாய் காலை அப்பா அம்மா இருவரையும் பள்ளிக்கு வரச் சொன்னார்கள், வந்தார்கள். அறையில் ஐந்து பேர்: பையன், அப்பா, அம்மா, கவுன்சிலர், மாணவர் ஒழுங்கைக் கவனிக்கும் டீன். பையனின் பையை வகுப்பிலிருந்து எடுத்து வந்ததே டீன்தான். துப்பாக்கி அந்தப் பைக்குள் இருந்தது. கூட்டம் கால் மணி நேரம்கூட நடக்கவில்லை. இன்றைக்கே மனநல உதவிக்கு யாரிடமாவது கூட்டிக்கொண்டு போங்கள் என்றார் கவுன்சிலர். இன்றைக்கு முடியாது, வேலைக்குப் போக வேண்டும் என்றார்கள் பெற்றோர். சரி, 48 மணி நேரத்துக்குள் ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, பையனை அவன் பையோடு வகுப்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில், 12:51க்கு, கழிப்பறையிலிருந்து துப்பாக்கியோடு வெளியே வந்தான். நான்கு பிள்ளைகள் செத்தார்கள். 14 வயது, 16 வயது, 17 வயதில் இரண்டு பேர். ஆறு மாணவர்களும் ஓர் ஆசிரியையும் குண்டுக் காயத்தோடு பிழைத்தார்கள்.

அந்தத் துப்பாக்கியை நான்கு நாள் முன்பு, பிளாக் ஃப்ரைடே அன்று, அப்பா ஜேம்ஸ் க்ரம்ப்ளி மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாங்கினார். மறுநாள் அம்மா ஜெனிஃபர் அவனைச் சுடும் பயிற்சிக்குக் கூட்டிப்போய், மகனுடைய கிறிஸ்துமஸ் பரிசு என்று இன்ஸ்டாகிராமில் போட்டார். துப்பாக்கியில் மாட்டிப் பூட்டுவதற்குக் கடையில் கொடுத்த கேபிள் பூட்டு பாக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே கிடந்தது. இதெல்லாம் தெரிந்த அந்த இருவரும் அந்தத் தாளைக் கையில் வைத்துப் பார்த்தபிறகும், எங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று வாயைத் திறக்கவில்லை. அரசு வழக்கறிஞர் கேரன் மெக்டோனால்ட் இருவர் மீதும் வழக்குப் போட்டபோது, பிள்ளை செய்த கொலைக்குப் பெற்றோரை உள்ளே தள்ள முடியுமா என்று பலரும் சந்தேகப்பட்டார்கள். 2024 பிப்ரவரியில் அம்மாவுக்கும் மார்ச்சில் அப்பாவுக்கும் குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. ஏப்ரல் 9 அன்று நீதிபதி செரில் மேத்யூஸ் ஆளுக்குப் பத்து முதல் பதினைந்து வருடம் கொடுத்தார். பிள்ளை வளர்ப்பு மோசம் என்பதற்காகக் கொடுத்த தண்டனை இல்லை இது, தடுத்திருக்கக்கூடியதைத் திரும்பத் திரும்பத் தடுக்காமல் விட்டதற்கு என்று அவர் சொன்ன விளக்கத்தை நான் முழுதாக ஏற்கிறேன்.

அப்புறம் அந்த அறையில் இருந்த மற்ற இருவர்?

அவர்கள் இந்த வழக்கில் அரசுத் தரப்புச் சாட்சிகள். பையனைத் தனியாக வீட்டில் விடுவதைவிட வகுப்பில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தால் நல்லது என்று நினைத்ததாகக் கவுன்சிலர் சொன்னார். தற்கொலை பற்றிய கவலைதான் அவர் மனதில் இருந்தது. அதைக் கேட்கும்போது அவர் கெட்ட மனிதர் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பையைச் சோதிக்க நியாயமான சந்தேகம் ஏற்படவில்லை என்று டீன் சொன்னதுதான் என்னால் தாங்க முடியாதது. துப்பாக்கிப் படம், தோட்டாப் படம், முந்தின நாள் தோட்டா தேடல், 'உதவுங்கள்' என்ற வார்த்தை. இதற்கு மேல் சந்தேகத்துக்கு என்னதான் வேண்டும்?

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நம்மில் பலருக்கு இது தெரியாது. அமெரிக்கப் பள்ளிகள் மாணவனின் பையைத் திறக்க வாரண்ட் தேவையில்லை. போலீசுக்கு வேண்டிய அளவு ஆதாரமும் தேவையில்லை. நியாயமான சந்தேகம் இருந்தால் போதும் என்று 1985லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது நியூ ஜெர்ஸி வழக்கு. கழிப்பறையில் புகை பிடித்ததாகப் பிடிபட்ட ஒரு பதினான்கு வயதுப் பெண்ணின் கைப்பையைத் துணைத் தலைமையாசிரியர் திறந்து பார்த்தது சரியா தவறா என்ற கேள்வி. சரிதான் என்றது நீதிமன்றம். ஒரு சிகரெட்டுக்காகப் பையைத் திறக்கலாம் என்று இருக்கிற நாட்டில், இந்தத் தாளை மேசை மேல் வைத்துக்கொண்டு பையைத் திறக்காமல் விட்டிருக்கிறார்கள்.

பள்ளித் தரப்பில் ஒருவர் மீதுகூடக் குற்ற வழக்கு இல்லை. சாட்சி சொன்ன அந்த இருவரோடும் அரசுத் தரப்பு விசாரணைக்கு முன்பே ஓர் உடன்பாடு போட்டிருந்தது என்பதும், எதிர்த்தரப்பு வக்கீல்களுக்கு அதைச் சொல்லவில்லை என்பதும் பின்னால்தான் வெளியே வந்தது. செத்த பிள்ளைகளின் குடும்பங்கள் நஷ்டஈடு கேட்டு மாநில நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023இல் தள்ளுபடி. 2024 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே சொன்னது. மிச்சிகன் சட்டப்படி அரசு ஊழியருக்குப் பாதுகாப்பு உண்டு. அவருடைய அலட்சியம்தான் சாவுக்கு மிக நேரடியான ஒரே காரணம் என்று காட்டினால் ஒழிய அவரைத் தொட முடியாது. நேரடிக் காரணம் சுட்டவன்தானே? அப்படியானால் எந்தப் பள்ளித் துப்பாக்கிச் சூட்டிலும் எந்த நிர்வாகியும் எந்தக் காலத்திலும் பொறுப்பாக மாட்டார். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் இந்தச் சட்டம் சொல்வது இதைத்தான்.

தனியார் நிறுவனம் ஒன்று விசாரித்து 2023 அக்டோபரில் 500 பக்கத்துக்கு மேல் ஓர் அறிக்கை கொடுத்தது. மிரட்டலை மதிப்பிடும் கொள்கை ஒன்று பள்ளி மாவட்டத்தின் ஏட்டில் இருந்தது, அதைச் செயல்படுத்தவேயில்லை, முறைப்படி நடந்திருந்தால் இந்தச் சாவுகளைத் தவிர்த்திருக்கலாம் என்றது அறிக்கை. ஊழியர்கள் பலர் அந்த விசாரணைக்குப் பேசவே மறுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு, தானே விசாரிக்கிறேன் என்று மாநில அட்டர்னி ஜெனரல் டேனா நெஸ்ஸல் முன்வந்தபோது பள்ளிகளை நிர்வகிக்கும் பள்ளி போர்டு அதையும் வேண்டாம் என்றது.

வேறு மாதிரியும் நடக்க முடியும் என்பதற்கு வர்ஜீனியா இருக்கிறது. நியூபோர்ட் நியூஸ் நகரத்தில் 2023 ஜனவரியில் ஓர் ஆறு வயதுக் குழந்தை வகுப்பில் தன் ஆசிரியையைச் சுட்டான். அவர் பிழைத்துவிட்டார். அன்று பகலில் அவனிடம் துப்பாக்கி இருக்கலாம் என்று துணைத் தலைமையாசிரியரிடம் ஒருவர் மாற்றி ஒருவர் எச்சரித்திருக்கிறார்கள். அவனைச் சோதிக்கட்டுமா என்று ஒரு ஊழியர் அனுமதி கேட்டும், அம்மா சீக்கிரம் வந்துவிடுவார், பொறுங்கள் என்றே பதில். அங்கேயும் அம்மா சிறைக்குப் போனார். ஆனால் அங்கே துணைத் தலைமையாசிரியர் மீதும் குற்ற வழக்குப் போட்டார்கள். 2025 நவம்பரில் சிவில் வழக்கில் ஜூரி ஆசிரியைக்கு ஒரு கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. பணத்துக்காகச் சொல்லவில்லை. எச்சரிக்கை யாரிடம் வந்ததோ அவரிடம் கணக்குக் கேட்கலாம் என்று ஜூரியில் இருந்த அந்தச் சாதாரண மனிதர்கள் முடிவு செய்தார்களே, அதற்காகச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்துக்கு வருகிறேன். போன நவராத்திரிக்குக் கொலு பார்க்க ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். ஈரோட்டுக்காரர், நல்ல மனிதர். நம்மவர்கள் வீட்டில் நகை இருக்கும் என்று குறி வைத்துத் திருடுகிறார்கள் என்ற பேச்சு பரவியதிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டது. சுண்டல் கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கைத்துப்பாக்கி வாங்கியிருப்பதாக என் வீட்டுக்காரரிடம் மெதுவாகச் சொன்னார். என் காதில் விழுந்துவிட்டது.

"அண்ணா, எங்க வச்சிருக்கீங்க?"

"மேல, துணி அலமாரில. பசங்களுக்குத் தெரியாதும்மா."

"பூட்டு?"

"அவசரத்துக்கு எடுக்கணுமில்ல? தோட்டா வேற எடத்துல இருக்கு."

ஜேம்ஸ் க்ரம்ப்ளியும் போலீசிடம் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். துப்பாக்கி அலமாரியில், தோட்டா வேறோர் இடத்தில் ஜீன்ஸ்களுக்கு அடியில் என்று. நான் அதை அங்கேயே சொன்னேன். அண்ணியின் முகம் மாறிவிட்டது. கொலு வீட்டில் பேசுகிற பேச்சா என்று காரில் வரும்போது என் வீட்டுக்காரர் கேட்டார். வேறு எங்கே பேசுவது? ஒளித்து வைத்த தீபாவளிப் பட்டாசை மோப்பம் பிடித்துக் கண்டுபிடிக்காத பிள்ளை நம் வீடுகளில் உண்டா?

2024 பிப்ரவரி 13 முதல் மிச்சிகனில் சட்டமே இருக்கிறது. வீட்டில் சிறுவர் இருந்தாலும், வந்துபோக வாய்ப்பிருந்தாலும், கண்காணிப்பில் இல்லாத துப்பாக்கியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். சிறுவர் கையில் கிடைத்து உயிர் போனால் சிறை. மிச்சிகன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் மூன்று மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நாளிலிருந்து சரியாக ஒரு வருடம் கழித்து இந்தச் சட்டம் அமலுக்கு வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் தப்பித்துவந்த சில பிள்ளைகள் அந்த இரவும் அந்த வளாகத்தில் இருந்தார்கள். பதினெட்டு இருபது வயதுக்குள் இரண்டு முறை கதவுக்கு மேசையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்த பிள்ளைகள்.

நண்பர் இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். விரல் ரேகை வைத்துத் திறக்கும் சின்னப் பெட்டி ஒன்று வாங்கி, கட்டில் ஓரமாகத் தரையோடு பொருத்திவிட்டாராம். ஒரு நொடியில் திறக்கிறதும்மா என்றார். சந்தோஷமாக இருந்தது. பெட்டி வாங்கப் பணம் இல்லாதவர்களுக்குப் பல ஊர்களில் போலீஸ் நிலையத்திலேயே கேபிள் பூட்டு இலவசமாகக் கொடுக்கிறார்கள். பெயர், விலாசம் எதுவும் கேட்க மாட்டார்கள். தயங்காமல் போய் வாங்குங்கள்.

அப்புறம் இன்னொன்று. மகனை வேறு வீட்டில் தங்க அனுப்பும் முன், அலர்ஜி பற்றிச் சொல்லும் அதே மூச்சில், வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா என்று நான் கேட்டுவிடுகிறேன். தமிழ் வீடு, அமெரிக்க வீடு என்ற வித்தியாசமெல்லாம் இல்லை. என்னை ஒரு மாதிரி பார்த்தவர்கள் உண்டு. கேட்டதற்கு நன்றி என்று சொன்னவர்கள்தான் அதிகம்.

பெற்றோர்கள் பக்கம் இப்படிச் சட்டமும் வந்துவிட்டது, தண்டனையும் வந்துவிட்டது. பள்ளிகள் பக்கம்தான் எனக்கு நிம்மதி இல்லை. எங்கள் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேட்டேன்: அப்படி ஒரு தாள் இங்கே ஒரு ஆசிரியர் கையில் கிடைத்தால், அடுத்த பத்து நிமிடத்தில் யார் முடிவெடுப்பார்? பையைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? அவர் அன்றைக்கு லீவு என்றால் யாருக்கு? வீட்டில் துப்பாக்கி உண்டா என்று பெற்றோரிடம் கேட்பது கட்டாயமா? நிலைமையைப் பொறுத்து முடிவெடுப்போம் என்றார்கள். கேமரா எத்தனை பொருத்தியிருக்கிறோம், கதவுகள் எப்படித் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்று ஒரு வீடியோ காட்டினார்கள். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேமரா இருந்தது. நான் கேட்டது கதவைப் பற்றி இல்லை.

அதே நான்கு கேள்விகளையும் இப்போது எழுத்தில் பள்ளி போர்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அடுத்த பொதுக் கூட்டத்தில் பேச மூன்று நிமிடம் தருவார்கள், பெயர் கொடுத்துவிட்டேன். நோவை, கேன்டன், ராச்செஸ்டர் ஹில்ஸ் பக்கம் இருக்கும் நண்பர்கள் உங்கள் பள்ளி மாவட்டத்திலும் இதையே கேளுங்கள். கேள்விகளை ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கிறேன், வேண்டுமென்றால் அனுப்புகிறேன். எங்காவது எழுத்தில் ஒழுங்கான பதில் வந்தால் எனக்கு ஒரு பிரதி கொடுங்கள், எங்கள் போர்டு முன்னால் அதைக் காட்ட வேண்டும்.