மொட்டை மாடியில் இருபது நிமிடம்

முதுகலையில் சேர்ந்த பிறகு நான் நடந்த தூரம் அம்மாபேட்டை வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை மட்டுமே. மற்ற பொழுதெல்லாம் வகுப்பிலும், கைப்பேசியுடன் கட்டிலிலும் கழிந்தது. இரண்டாம் மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கிய நாளில்தான் விழித்துக்கொண்டேன்.

வயது வந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஜிம்முக்குப் பணமும், மாலையில் வெளியே செல்ல வீட்டில் அனுமதியும் (அது தனிக்கதை) இல்லாத எனக்கு மொட்டை மாடியே போதுமானதாக இருந்தது. வெயில் ஏறுமுன் வேகநடை, பிறகு சுவரில் கை ஊன்றித் தண்டால், நாற்காலியின் விளிம்பில் பட்டும் படாமலும் உட்கார்ந்து எழுந்திருத்தல். முதல் வாரம் எட்டு முறை எழுந்ததற்கே தொடை நடுங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினேன்.

சாப்பாட்டில்தான் என்னை நானே அதிகம் ஏமாற்றியிருந்தேன். காலையுணவைத் தவிர்த்துவிட்டு, மாலையில் தட்டுவடை செட்டை, உள்ளே பீட்ரூட்டும் கேரட்டும் துருவிப் போட்டிருக்கிறார்களே என்ற சமாதானத்துடன் இரண்டு தட்டு சாப்பிடுவேன். மேலும் கீழும் இருப்பது எண்ணெயில் பொரித்த வடை என்பதை வசதியாக மறந்துவிடுவேன். மாதவிடாயில் இரும்புச்சத்தை இழக்கும் பெண்களுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. இப்போது காலையில் முருங்கைக்கீரை போட்ட கேழ்வரகு அடையும், பாதி நெல்லிக்காயும் சாப்பிடுகிறேன். நெல்லியின் வைட்டமின் சி இரும்புச்சத்தை உடலில் சேர்க்கும், உடன் குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும் என்பதால் தேநீரை ஒரு மணி நேரம் தள்ளிவைத்திருக்கிறேன். தட்டுவடையை விடவில்லை, சனிக்கிழமை மட்டும், ஒரு தட்டு.